பத்து டாலர் சிக்கனம்

“சார், ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டேன். இப்ப பிரின்ட் வரும் பாருங்க.”

எங்கள் ஆபீசுக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்த பையன் சொன்னான். வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். திரும்ப ஆன் பண்ண வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. கதவு இடிக்கிறது என்று கதவையே கழற்றிப் போட்டுவிட்டு, ‘காத்து நல்லா வருதுல்ல?’ என்கிற ரகம்.

ஃபயர்வால் ஒன்றும் மந்திரத் தாயத்து இல்லை. அபார்ட்மென்ட் வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். யார், எந்த ஃபிளாட், எதற்கு வந்தாய் என்று கேட்பார். பதில் சரியில்லையா, வெளியே போ. நீங்களே கூப்பிட்டு சோபாவில் உட்காரவைக்கும் திருடனை அவரால் தடுக்க முடியாது. அதற்கு ஆன்ட்டி வைரஸும் கொஞ்சம் சொந்த புத்தியும் வேண்டும்.

பையனை மட்டும் திட்டுவானேன்? 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதே உள்ளே ஃபயர்வால் இருந்தது. ஆஃப் செய்துதான் விற்றார்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தது. மெயிலைத் திறக்கவே வேண்டாம். அப்டேட் போடாத கம்ப்யூட்டர் நெட்டில் இருந்தாலே போதும், புகுந்துவிடும். அடுத்த வருடம் சர்வீஸ் பேக் 2 வந்தபோதுதான் ஃபயர்வாலை ஆன் செய்து கொடுத்தார்கள்.

சரி, நாம் சாமானியர்கள். ஒரு நாட்டின் கஜானா?

2016 பிப்ரவரி. பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்குத் திருட்டு உத்தரவுகள் பறந்தன. கேட்ட தொகை சுமார் 95 கோடி டாலர். பெரும்பகுதி தடுக்கப்பட்டது. ஆனாலும் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் தப்பியது, திருடன் ‘ஃபவுண்டேஷன்’ என்ற வார்த்தையைத் தப்பாக எழுதியதால்! கவர்னர் ராஜினாமா செய்தார்.

விசாரித்த போலீஸ் அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? அங்கே ஃபயர்வாலே இல்லை. கோடிகளை அனுப்பும் கம்ப்யூட்டர்களை இணைத்திருந்தது, செகண்ட்ஹேண்டில் வாங்கிய பத்து டாலர் ஸ்விட்ச்!

வேலை கேட்டு வந்ததுபோன்ற மெயில் வழியாகத்தான் திருடன் நுழைந்தான், ஃபயர்வால் இருந்தும் என்ன பயன் என்று கேட்கலாம். வாசலைத் தாண்டியவன் நேராகக் கஜானா அறைக்கு நடந்துபோக முடிந்ததே, அதுதான் கேள்வி. வாசலுக்கு ஒரு காவல் போதாது. பணம் இருக்கும் அறைக்குத் தனிக் காவல் வேண்டாமா?

நான் பி.காம். படித்தவன். இந்தச் சிக்கனம் எங்கே பிறக்கிறது என்று தெரியும். திருட்டு நடக்காத நாளுக்கு வவுச்சர் கிடையாது. ஃபயர்வாலின் லாபம் எந்த லெட்ஜரிலும் ஏறாது. செலவைக் குறை என்றதும் கை முதலில் அங்கேதான் போகும். ஆனால் அதே ஆட்கள்தான் நமக்குத் தினம் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறார்கள், ‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று. சொல்லலை சாமி. நீங்க உங்க கதவைப் பூட்டினீங்களா? அதையும் ஒருநாள் எஸ்.எம்.எஸ். அனுப்புங்களேன்.

பி.கு: எங்கள் ஆபீசில் ஃபயர்வாலை மறுபடி ஆன் செய்தாயிற்று. பிரின்டருக்கு மட்டும் வழிவிடச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. பிரின்ட் வருகிறது.