சாங்கியில் நின்ற பயணம்

கிரிப்டோவில் அரசு தலையிட வேண்டாம், தவறு செய்தவரைச் சந்தையே தண்டித்துவிடும் என்கிறார்கள். சிங்கப்பூரில் நடந்தது வேறு.

2022இல் கவிழ்ந்த கிரிப்டோ முதலீட்டு நிறுவனமான த்ரீ ஆரோஸ் கேப்பிடல், கடன் கொடுத்தவர்களுக்கு வைத்த பாக்கி 300 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். அதன் நிறுவனர்களில் ஒருவரான சூ ஸூ, 2023 செப்டம்பரில் நாட்டைவிட்டுக் கிளம்பும்போது சாங்கி விமான நிலையத்தில் பிடிபட்டார். நிறுவனத்தைக் கலைக்கும் அதிகாரிகளுக்கு ஒத்துழைக்காததால் நான்கு மாதச் சிறை. அவரை நிறுத்தியது நீதிமன்ற ஆணைதான்.

சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளி, கவுண்டரில் பெர்மிட் அட்டையை நீட்டி, ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறார். அந்தக் கடைக்கு உரிமம் கட்டாயம். கோடிகளைக் கையாளும் கிரிப்டோ நிறுவனத்துக்கு மட்டும் ஏன் விலக்கு தர வேண்டும்?

பொது இடங்களில் கிரிப்டோ விளம்பரம் கூடாதென்று 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையம் சொன்னது சரியே. அதை இன்னும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.