வேலை போச்சு... மறுபடி காலேஜா? எச்-1பியிலிருந்து மாணவர் விசாவுக்கு மாறும் முன் குடும்பமே தெரிந்துகொள்ள வேண்டியவை!

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும் ஒருவருக்கு வேலை போனால், கையில் இருப்பது அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி அவருக்காக மனு போட வேண்டும். இல்லையென்றால், அவர் வேறு வகை அந்தஸ்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பல வீடுகளில் அப்போதுதான் அந்தப் பேச்சு வரும். ‘பேசாம இன்னொரு எம்.எஸ் சேர்ந்துடலாமா?’ ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு போனில் போய்ச் சேர்வதும் ஒரே ஒரு வரிதான். ‘ஒண்ணும் பிரச்னை இல்லம்மா, மேல படிக்கப் போறேன்.’

சட்டப்படி இது சரியான வழி. ஆண்டுதோறும் பலர் இப்படி மாறுகிறார்கள். ஆனால், மாணவர் அந்தஸ்து அமெரிக்காவுக்குள் இருக்கத்தான் வழி தருகிறது. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும் வழியை அது பல பேருக்கு இறுக்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் போடுபவர்கள், அவசரத்துக்கு டிக்கெட் போடும் நேரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

60 நாள் எப்போது தொடங்குகிறது?

2017 ஜனவரியில் அமலுக்கு வந்த விதி இது. பொதுவாக, எந்த நாள் வரைக்கும் சம்பளம் கணக்கிடப்பட்டதோ அதற்கு மறுநாள் முதல் எண்ண வேண்டும். வேலையை விட்டு அனுப்பும்போது மொத்தமாகக் கொடுக்கும் இழப்பீட்டுத் தொகை, மூன்று மாதச் சம்பளமாகவே இருந்தாலும், இந்த 60 நாளை நீட்டிக்காது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஐ-94 என்ற பதிவில் ‘இந்தத் தேதி வரை தங்கலாம்’ என்று ஒரு நாள் இருக்கும். அந்தத் தேதி 40-வது நாளில் வந்துவிட்டால், அவருக்கு 40 நாள்தான். இந்த நாள்களில் அமெரிக்காவில் தங்கலாம். வேலை பார்க்க முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், 60 நாளுக்குள் முடிவு வந்தாக வேண்டும் என்றில்லை. விண்ணப்பம் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் போதும்.

விசா வேறு, அந்தஸ்து வேறு

பேச்சு வழக்கில் ‘விசா மாத்துறேன்’ என்கிறோம். உண்மையில் அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு யாரும் விசாவை மாற்றுவதில்லை. விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டும் தாள். நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி. அதைத் தருவது சென்னையில் இருப்பது போன்ற தூதரக அலுவலகங்கள். உள்ளே போன பிறகு ஒருவர் என்னவாகத் தங்கியிருக்கிறார், ஊழியராகவா, மாணவராகவா, சுற்றுலாப் பயணியாகவா என்பதுதான் அந்தஸ்து. அதை மாற்றித் தருவது அமெரிக்கக் குடியேற்றத் துறை.

ஆக, எச்-1பியிலிருந்து எஃப்-1க்கு மாறியவரிடம் மாணவர் அந்தஸ்து இருக்கும். மாணவர் விசா இருக்காது. அமெரிக்காவை விட்டு வெளியே வராத வரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

என்னென்ன வேண்டும்?

முதலில், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அரசு அனுமதி பெற்ற கல்லூரியில் இடம் வாங்க வேண்டும். முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று கணக்கு காட்ட வேண்டும். அப்பாவின் வங்கிக் கணக்கையும் ஆதரவுக் கடிதத்தோடு காட்டலாம். அதைப் பார்த்துக் கல்லூரி ஐ-20 என்ற படிவத்தைத் தரும். பிறகு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர் கட்டி, ஐ-539 என்ற அந்தஸ்து மாற்ற விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி அது ஆன்லைனில் 420 டாலர், தபாலில் 470 டாலர். சீக்கிரம் முடிவு வேண்டுமென்றால் ஏறத்தாழ 2,000 டாலர் கூடுதலாகக் கட்டும் விரைவு வழியும் உண்டு.

கல்லூரிகள் நினைத்த தேதியில் சேர்த்துக்கொள்வதில்லை. மார்ச்சில் வேலை போனவருக்கு, அடுத்த சேர்க்கை ஆகஸ்ட்டில்தான் இருக்கலாம். முன்பெல்லாம் வகுப்பு தொடங்கும் வரையிலான இடைவெளிக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் அந்தத் தொல்லையை நீக்கிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து போக முடியுமா?

அந்தஸ்து மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால், அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். ஊரில் அப்பாவுக்கு மாரடைப்பு என்றாலும் சரி, தங்கைக்குக் கல்யாணம் என்றாலும் சரி, விதி ஒன்றுதான்.

மாற்றம் கிடைத்த பிறகு வரலாம். ஆனால், திரும்பிப் போக எஃப்-1 விசா வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பழைய எச்-1பி விசாவுக்கு இன்னும் காலம் இருந்தாலும், மாணவராக நுழைய அது உதவாது.

எஃப்-1 விசா கேட்பவர், ‘படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன்’ என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். எச்-1பிக்கு இந்த நிபந்தனை கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே கிரீன் கார்டுக்கும் விண்ணப்பிக்கலாம். நம் ஊர்க்காரர்கள் பலருக்குக் கம்பெனி ஏற்கெனவே ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவைப் போட்டிருக்கும். விசா விண்ணப்பத்தில் ‘உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?’ என்று நேரடியாகவே ஒரு கேள்வி உண்டு. ‘ஆம்’ என்றுதான் பதில் எழுத வேண்டும். பொய் சொன்னால் வாழ்நாள் முழுக்க வாசல் அடைபடக்கூடும். ‘ஆம்’ என்று எழுதிவிட்டு, ‘நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லை’ என்று நம்ப வைப்பது சுலபமில்லை. ஐ-140 இருப்பதாலேயே விசா கட்டாயம் மறுக்கப்படும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால், மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம். இதே கேள்வியை உள்ளே அந்தஸ்து மாற்றம் கேட்கும்போதும் குடியேற்றத் துறை எழுப்பலாம்.

அதனால்தான் ஐ-140 உள்ளவர்களுக்கு, ‘படித்து முடிக்கும்வரை வெளியே போகாதீர்கள்’ என்று வழக்கறிஞர்கள் சொல்வது வழக்கம். இரண்டு வருடப் படிப்பென்றால், இரண்டு வருடம் ஊர்ப் பக்கம் வர முடியாமல் போகலாம் என்று அர்த்தம்.

மனைவியின் வேலை, பிள்ளையின் பள்ளி

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கணவருக்கு எச்-1பி. மனைவி எச்-4இல் இருக்கிறார். கணவரின் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டதால், 2015இல் வந்த விதிப்படி மனைவிக்கும் வேலை அனுமதி அட்டை இருக்கிறது. மகள் இரண்டாம் வகுப்பு.

கணவர் எஃப்-1க்கு மாறினால் மனைவியும் மகளும் எஃப்-2க்கு மாற வேண்டும். மகளின் பள்ளிக்குப் பாதிப்பில்லை. ஆனால், எஃப்-2இல் இருப்பவர் வேலை பார்க்க முடியாது. மனைவியின் சம்பளமும் நின்றுவிடும். அவர் பகுதி நேரமாகப் படிக்கலாம், அவ்வளவுதான்.

கணவர் என்ன சம்பாதிக்கலாம்? செமஸ்டர் நடக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம். லேப்டாப்பைத் திறந்து பழைய வேலையைப் போல வெளியாருக்குப் பகுதி நேரமாகச் செய்து கொடுக்க முடியாது. இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு, வாடகையும் கார் தவணையும் கல்லூரிக் கட்டணமும் சேமிப்பிலிருந்து கட்ட வேண்டிய நிலைக்கு வரும். ஊரில் வீட்டுக் கடன் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

இன்னொரு எம்.எஸ்ஸுக்கு ஓபிடி கிடையாது

பலர் தவறவிடும் விஷயம் இது. படிப்பு முடிந்ததும் 12 மாதம் வேலை பார்க்க அனுமதிப்பது ஓபிடி. அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு என்றால் அதற்கு மேல் 24 மாதம் நீட்டிப்பு கிடைக்கும். ஆனால், ஒரு கல்வி நிலைக்கு ஒரு முறைதான்.

தமிழ்நாட்டில் பி.இ முடித்து, அமெரிக்காவில் எம்.எஸ் படித்து, ஓபிடியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு எச்-1பி வாங்கியவர் முதுநிலைக்கான ஓபிடியை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார். இரண்டாவது எம்.எஸ் முடித்தால் மறுபடி கிடையாது. எம்.பி.ஏவும் முதுநிலைதான். முனைவர் பட்டத்துக்குப் போனால்தான் புதிதாகக் கிடைக்கும். நேராக இந்தியாவிலிருந்து எச்-1பியில் போனவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சேர்ந்த முதல் நாளே வேலை?

‘சேருங்க, முதல் நாளிலிருந்தே முழு நேர வேலை பார்க்கலாம்’ என்று சில கல்லூரிகளின் ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். சிபிடி என்ற பயிற்சி அனுமதியைத்தான் இப்படி விற்கிறார்கள். முதல் செமஸ்டரிலேயே பயிற்சி கட்டாயம் என்று இருக்கும் சில முதுநிலைப் படிப்புகளுக்கு விதியில் இடம் உண்டு. ஆனால், படிப்பு பெயரளவுக்கு, வேலைதான் நோக்கம் என்று தெரிந்தால், பிற்பாடு எச்-1பி கேட்கும்போது கேள்விகள் வரும். முழு நேர சிபிடியில் 12 மாதம் இருந்தால், அந்த நிலைக்கான ஓபிடியும் போய்விடும்.

கல்லூரி நிஜமாகவே கல்லூரிதானா என்றும் பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் செய்தியில் அடிபட்டது நினைவிருக்கலாம். வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. விசா மோசடிக்காரர்களைப் பிடிக்க அமெரிக்க அதிகாரிகளே நடத்திய போலி நிறுவனம் அது. ஆள் சேர்த்த 8 பேர் மீது வழக்கு பாய்ந்தது. பதிவு செய்திருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். பலர் கைதாகி நாடு திரும்ப நேர்ந்தது.

எஃப்-1 இல்லாமலே படிக்க முடியும்!

எச்-1பி வேலையில் இருக்கும்போதே ஒருவர் மாலை வகுப்பிலோ பகுதி நேரமாகவோ படிக்கலாம். அதற்கு அந்தஸ்து மாற்றம் தேவையில்லை. எச்-4இல் இருப்பவர் முழு நேரமாகவே படிக்கலாம். எனவே, கணவன், மனைவி இருவருமே எச்-1பியில் இருந்து ஒருவருக்கு வேலை போனால், அவர் எச்-4க்கு மாறுவதுதான் பெரும்பாலும் சிரமம் குறைந்த வழி. கிரீன் கார்டு மனுவால் அதற்குச் சிக்கல் வராது. சென்னை வந்து எச்-4 விசா வாங்கித் திரும்புவதும் ஒப்பீட்டளவில் எளிது.

இழக்காமல் இருப்பவை

எஃப்-1க்கு மாறுவதால் எல்லாமே போய்விடாது. எச்-1பிக்கு மொத்தம் 6 ஆண்டு என்றால், 4 ஆண்டு முடித்தவருக்கு மீதி 2 ஆண்டு அப்படியே இருக்கும். லாட்டரியில் ஒருமுறை தேர்வானவருக்கு, பிறகு ஒரு கம்பெனி மனு போடும்போது மறுபடி லாட்டரி தேவையில்லை. கிரீன் கார்டு வரிசையில் அவருக்குக் கிடைத்த முன்னுரிமைத் தேதியும் பொதுவாக நிலைக்கும். பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கும் இந்தியர்களுக்கு அந்தத் தேதி பெரிய சொத்து.

உள்ளேயே இருந்து மாற நினைப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உத்தரவு வந்தது. அமெரிக்காவுக்குள் இருந்தபடி அந்தஸ்து மாற்றம் பெறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை அக்டோபரில் விளக்கியது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் என்ன நிலவரம் என்று பார்ப்பது அவசியம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்? 60 நாளும் ஏற்கெனவே முடிந்திருந்தால், மறுநாளிலிருந்து அவர் சட்ட விரோதமாகத் தங்கும் நாள்கள் எண்ணப்படும். அது 180 நாளைத் தாண்டிய பிறகு வெளியேறினால், 3 ஆண்டு திரும்ப நுழைய முடியாது. ஓராண்டு ஆகிவிட்டால் 10 ஆண்டு. அதனால், நிராகரிப்பு வந்தால் உடனே கிளம்புவதற்குத் தேவையான பணத்தைத் தனியாக எடுத்து வைப்பது நல்லது. எச்-1பி காலம் முடியும் முன்பே கம்பெனி வேலையை விட்டு நீக்கினால், ஊர் திரும்பும் அவருடைய பயணச் செலவை அந்தக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்பதும் விதி. குடும்பத்தின் டிக்கெட் அதில் அடங்காது.

முதலில் பேச வேண்டியது வீட்டில்

வேலை போன முதல் வாரத்திலேயே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். ஐ-140 நிலை, மீதமிருக்கும் எச்-1பி ஆண்டு, ஓபிடி பயன்படுத்தியாகிவிட்டதா ஆகிய மூன்றையும் வைத்துத்தான் அவர் வழி சொல்ல முடியும்.

அதற்கு முன் ஊருக்கு ஒரு போன். ‘படிக்கப் போறேன்’ என்பதோடு நிறுத்தாமல், ‘அடுத்த ரெண்டு வருஷம் என்னால வர முடியாம போகலாம்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பாவின் அறுவை சிகிச்சையை யார் பார்த்துக்கொள்வது, பத்திரப் பதிவுக்கு யாருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பது, தங்கை கல்யாணத் தேதியைத் தள்ளலாமா என்பதையெல்லாம் அப்போதே பேசி வைக்கலாம். ‘இவ்வளவு கஷ்டப்பட்டு அங்க இருக்கணுமா, வந்துடேன்’ என்று அம்மா சொல்லவும் கூடும். அதுவும் ஒரு வழிதான். 60 நாளுக்குள் அதையும் சேர்த்து யோசித்துவிடலாம்.