விருந்தும் மருந்தும் மூன்று பாகமா?

பல பாகங்களாக நீளும் ஃபேன்டஸி நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: "மூணு பாகத்தோட நிறுத்தியிருக்கணும். அதுக்கப்புறம் ஜவ்வா இழுத்துட்டார்." விருந்துக்கும் மருந்துக்கும் நாம் வைத்திருக்கும் மூன்று நாள் கெடுவை நாவலுக்கும் வைத்துவிட்டோம். இந்தத் தீர்ப்பு தவறு என்பதோடு, கெடுதலானதும்கூட. வாசகருக்கு வந்த சலிப்பு உண்மை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பொய். அந்தப் பொய்க் காரணத்தை வைத்து, இந்த வடிவத்தால் மட்டுமே செய்ய முடிகிற காரியத்தைக் குற்றமாக்குகிறார்கள்.

அதிகம் அடி வாங்கிய தொடரையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' 1990 ஜனவரியில் தொடங்கி, 2013 ஜனவரியில் 14ஆம் பாகத்தோடு முடிந்தது. மொத்தம் நாற்பது லட்சம் சொற்களுக்கு மேல். இதன் 8, 9, 10ஆம் பாகங்கள் இழுவை என்று அதன் ரசிகர்களிலேயே பலர் சொல்வார்கள். அந்த மூன்றில் 10ஆம் பாகமான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்' பலவீனமான புத்தகம்தான். அதை மறுக்க மாட்டேன். 9ஆம் பாகத்தின் முடிவில் நாயகன் ராண்ட், ஆண்களின் மந்திர சக்தியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கலந்திருந்த நஞ்சைக் கழுவி எடுக்கிறான். அடுத்த பாகம் முன்னே நகர்வதற்குப் பதிலாக அதே நாளுக்குத் திரும்புகிறது. பெரின், எலெய்ன், எக்வீன் என்று மற்ற முக்கியப் பாத்திரங்கள் ஒவ்வொருவர் இருக்கும் இடத்துக்கும் நம்மை அழைத்துப்போகிறது. எங்கோ தொலைவில் இதுவரை காணாத அளவு மந்திர சக்தி பொங்குவதை அங்கங்கே இருப்பவர்கள் உணர்ந்து திகைக்கிறார்கள். என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். தெரியாதவர்களின் திகைப்பையே பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, இது அளவின் குற்றமா? தேதிகளைப் பாருங்கள். 9ஆம் பாகம் வந்தது 2000 நவம்பரில். 10ஆம் பாகம் 2003 ஜனவரியில். 11ஆம் பாகம் 2005 அக்டோபரில். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து வாங்கிய புத்தகத்தில் கதை அங்கேயே நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அதன்பின் இன்னும் இரண்டே முக்கால் ஆண்டு பொறுக்க வேண்டியிருந்தது. அந்த வாசகரின் எரிச்சல் முழுக்க நியாயமானது. ஆனால் அவர் எரிச்சல்பட்டது பக்க எண்ணிக்கையைப் பார்த்து அல்ல, காலண்டரைப் பார்த்து. இன்று 14 பாகங்களையும் அடுக்கிவைத்துக்கொண்டு படிக்கிற ஒருவருக்கு 10ஆம் பாகம் ஒரு தொய்வான வாரம், அவ்வளவே. மறுநாளே 11ஆம் பாகத்தைத் திறந்துவிடுவார். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தது. இன்று ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படிப்பவரின் அனுபவம் முற்றிலும் வேறு. இந்த வித்தியாசம் தமிழ் வாசகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஃபேன்டஸி என்று வரும்போது மட்டும், காத்திருந்த ஆண்டுகளின் களைப்பை எழுதப்பட்ட பக்கங்களின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

இப்போது நீளம் என்ன தருகிறது என்று பார்ப்போம். இந்தக் கதையில் ஏஸ் செடாய் என்ற மந்திரப் பெண்களின் சபை உண்டு. பொய் பேச மாட்டோம் என்று அவர்கள் எடுக்கும் சத்தியம் மந்திரத்தால் அவர்களைக் கட்டிப்போடும். நினைத்தாலும் மீற முடியாது. 1990இல் வந்த இரண்டாம் பாகத்தில், ராண்ட் இருக்கும் குழுவோடு வெரின் என்ற ஏஸ் செடாய் வந்து சேர்ந்துகொள்கிறார். குள்ளமான, குண்டான, மறதிக்காரப் புத்தகப் புழு. ராண்டுக்கு வழிகாட்டும் இன்னொரு ஏஸ் செடாயான மொய்ரெய்ன் அனுப்பித்தான் வந்தேன் என்கிறார். பிற்பாடு, தான் அனுப்பவில்லை என்கிறார் மொய்ரெய்ன். அவ்வளவுதான். வேகமாகப் படிப்பவர் இதைக் கவனிக்கக்கூட மாட்டார். கவனித்தவர்களோ, சத்தியத்தால் கட்டுண்டவர் எப்படிப் பொய் சொன்னார் என்று ஆண்டுக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பதில் 2009இல், 12ஆம் பாகத்தில் வருகிறது. வெரின் ஒரு நாள் எக்வீனின் அறைக்கு வந்து தேநீர் அருந்தியபடி தன் கதையைச் சொல்கிறார். சபைக்குள் ஒளிந்திருக்கும் எதிரிக் கூட்டத்தை இளம் வயதிலேயே தெரியாமல் நெருங்கிவிட்டவர் அவர். சேர் அல்லது சாவு என்ற நிலையில் சேர்ந்தார். பொய் பேசாத சத்தியத்தின் கட்டு அதோடு அவிழ்ந்தது. சேர்ந்தபின் ஆயுள் முழுக்க அவர்களை உளவு பார்த்துக் குறிப்பெடுத்தார். சாகும் நேரம் வரை காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பது அவர்களுக்கு அவர் கொடுத்த வாக்கு. அந்தத் தேநீரில் விஷம் இருக்கிறது, கலந்தவரும் அவரே. சாகும் நேரம் வந்துவிட்டதால் இனிப் பேசலாம்.

பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பெண்மணி கதையின் ஓரத்தில் நடமாடிக்கொண்டிருந்தார். நாமும் அவரைப் பொருட்படுத்தாமல் கடந்துகொண்டிருந்தோம். அதனால்தான் அந்தத் தேநீர்க் காட்சி நெஞ்சில் அடிக்கிறது. இதே திருப்பத்தை 400 பக்க நாவலில் வைத்தால் அது கெட்டிக்காரத்தனமாக மட்டுமே இருக்கும். "தேவையில்லாத பாத்திரங்களை வெட்டியிருக்கலாம்" என்பவர்களின் கத்தி 1990களில் முதலில் யார் மேல் விழுந்திருக்கும்? சந்தேகமே வேண்டாம், வெரின் மேல்தான்.

ராண்டும் அப்படித்தான். தன்னால் செத்த பெண்களின் பெயர்களை அவன் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருப்பான். பாகம் ஏற ஏற அந்தப் பட்டியல் நீளும். அதில் மொய்ரெய்னின் பெயர் ஏறுவது 1993இல் வந்த 5ஆம் பாகத்தில். அவர் சாகவில்லை என்று வாசகருக்கு உறுதிப்படுவது 2010இல். ராண்ட் அவரை மறுபடி நேரில் பார்ப்பது கடைசிப் பாகத்தில். குற்ற உணர்வு ஒரு மனிதனை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக்குகிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பெயர்களுக்குரியவர்களோடு நாமும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் பழகியிருந்தால் மட்டுமே அந்தப் பட்டியல் நமக்கும் வலிக்கும். ஜோர்டன் வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் துப்பாக்கி வீரராக இருந்தவர். போர் முடிந்தபின்னும் மனதுக்குள் முடியாது என்பதை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருந்திருக்காது.

பணத்துக்காக நீட்டினார் என்ற பழியும் உண்டு. அதைச் சொல்பவர்கள் அவருடைய கடைசி மாதங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அமிலாய்டோசிஸ் நோயோடு போராடிய அவர், கதை எப்படி முடிய வேண்டும் என்பதற்கான குறிப்புகளை விட்டுவிட்டு 2007 செப்டம்பரில் இறந்தார். மிச்சத்தை ஒரே புத்தகமாக, எவ்வளவு தடிமனானாலும் ஒரே புத்தகமாக, முடிப்பதுதான் அவர் திட்டம். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து வேலையை ஒப்படைத்தார். அது மூன்று பாகங்களாக வந்தது. காசுக்காக இழுக்கிறவர் மரணப் படுக்கையில் முடிவைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

அளவைக் குறைத்தால் வாசகர் மகிழ்வார் என்பதற்கு எதிரான சாட்சி எல்லோரும் பார்த்ததுதான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் முதல் ஆறு சீசன்களும் தலா 10 எபிசோடுகள். ஏழாவது 7, எட்டாவது 6. 2019இல் அது முடிந்தபோது எழுந்த கோபம் நீட்டியதற்காக அல்ல, அவசர அவசரமாக முடித்ததற்காக. அதன் நாயகி டெனேரிஸின் மனமாற்றத்துக்கு இன்னும் நேரம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். மூலக்கதையின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. ஆறாவது எப்போது என்று அதை எழுதும் ஜார்ஜ் மார்ட்டினை இன்றும் துளைத்தெடுக்கிறார்கள். சலித்துப்போனவர்களா அடுத்த பாகத்தைக் கேட்பார்கள்?

மூன்று போதும் என்ற கணக்கைச் சரியாகச் சோதித்துப் பார்க்க ராபின் ஹாபின் புத்தகங்கள் இருக்கின்றன. அரச குடும்பத்தில் முறைதவறிப் பிறந்து, கொலையாளியாகப் பயிற்றுவிக்கப்படும் ஃபிட்ஸ் என்ற சிறுவனின் கதை 1995இல் தொடங்கி 1997இல் மூன்றாம் பாகத்தோடு ஒரு முடிவுக்கு வந்தது. அவன் எல்லோரிடமிருந்தும் ஒதுங்கி, தன் ஓநாயோடு ஒரு குடிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். 2001இல் ஹாப் மறுபடியும் அவனிடம் திரும்பினார். ஃபிட்ஸ் சொல்லும் பாகங்கள் 2017க்குள் ஒன்பது ஆயின. ஓநாய்க்கு வயதாவதும், அது சாவதும், அவன் கோபித்துக்கொண்ட மனிதர்களை மன்னிப்பதும், தகப்பனாக வாழ்வதும், தகப்பனாகத் தோற்பதும் எல்லாம் அந்த மூன்றுக்குப் பிறகுதான். மூன்றே போதும் என்பவர்கள் அவனை அந்தக் குடிசையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். அவனுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.