சிறிய வீடும் நினைவுச் சின்னமே

ஒரு நாட்டின் பழம்பெருமையைக் காட்டும் சின்னங்கள் எவை என்று வினவினால், கோயிலையும் கோட்டையையும் அரண்மனையையுமே பலரும் சுட்டுவர். அவை போற்றத் தக்கவை என்பதில் ஐயம் இல்லை. ஆயினும், மன்னர் வாழ்ந்த மாளிகை மட்டுமே வரலாறு ஆகாது. மக்கள் வாழ்ந்த மனையும் வரலாறே ஆகும். இவ்வுண்மைக்கு இங்கிலாந்து நாட்டின் சிறு வீடுகள் சிறந்த சான்றாகும். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உழைக்கும் மக்களுக்காக எழுந்த வீடுகள் அவை.

அவற்றின் அருமையை அறிய வேண்டுமாயின், அவற்றுக்கு முன் இருந்த நிலையை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகிய நகரங்களில் தொழிலாளர் நெருக்குண்டு வாழ்ந்தனர். ஒரு வீட்டின் பின்சுவரே மற்றொரு வீட்டின் பின்சுவராக அமைந்த வரிசைகள் பல இருந்தன. அவ்வீடுகளுக்குப் பின்புறத்தில் பலகணி இல்லை. ஆதலால் காற்று ஊடுருவ வழியும் இல்லை. பல குடும்பங்களுக்கு ஒரே முற்றமும், அம்முற்றத்தில் பொதுவான கழிப்பிடமுமே இருந்தன.

1918 ஆம் ஆண்டு முதற்போர் முடிந்தது. போரிட்டு மீண்ட வீரர் வாழ்வதற்குத் தக்க நாடாகப் பிரிட்டனை ஆக்குதல் வேண்டும் எனத் தலைமை அமைச்சர் லாயிட் ஜார்ஜ் முழங்கினார். அவ்வாண்டிலேயே டூடர் வால்டர்ஸ் குழு தன் அறிக்கையை அளித்தது. நகரங்களில் ஓர் ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் கட்டலாகாது என்றும், எதிரெதிர் வீடுகளுக்கிடையே 70 அடி இடைவெளி வேண்டும் என்றும் அக்குழு கூறியது. இந்த 70 அடிக் கணக்கு எதற்காக? குளிர்காலத்தில் தாழ்ந்து செல்லும் கதிரவனின் ஒளி ஏழையின் வீட்டிற்குள்ளும் புக வேண்டும் என்பதற்காகவே! 1919 ஆம் ஆண்டு அடிசன் என்னும் அமைச்சர் கொணர்ந்த சட்டம், நகர மன்றங்கள் இத்தகைய வீடுகளைக் கட்ட அரசின் பொருளுதவியை நல்கியது.

நாட்டுப்புறத்து உழவர் குடிலை ஆங்கிலேயர் ‘காட்டேஜ்’ என்பர். புதிய வீடுகள் அக்குடிலின் சாயலிலேயே அமைந்தன. சரிந்த ஓட்டுக் கூரை, செங்கற் சுவர், சிறு சிறு கண்ணாடிகள் பதித்த பலகணி, வாயிலில் பசுமையான வேலி, பின்புறத்தே காய்கறி பயிரிடத் தோட்டம் ஆகியவற்றை அங்கே காணலாம். இலண்டனின் கிழக்குப் பகுதியிலுள்ள பெக்கன்ட்ரீ என்னுமிடத்தில் மட்டும் 1921 முதல் 1935 வரை 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. நெருக்கடியான சந்துகளிலிருந்து அங்குக் குடியேறிய பலர், தமக்கென ஒரு குளியல் தொட்டியையும் ஒரு பிடி தோட்ட மண்ணையும் அங்கேதான் முதன்முதலாகப் பெற்றனர்.

இவ்வீடுகளிடம் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. வாடகை மிகுதியாக இருந்தமையால் பரம ஏழைகள் இவற்றில் குடிபுக இயலவில்லை. வேலை செய்யும் இடமும் பலருக்குத் தொலைவாயிற்று. செலவு மிகுந்தது என்று 1921 ஆம் ஆண்டிலேயே அடிசன் திட்டம் குறைக்கப்பட்டது. இக்குறைகளையும் மறைக்காமல் கூறுதலே வரலாற்றுக்கு அழகு.

“ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இவ்வீடுகளில் என்ன சிறப்பு?” என்று சிலர் வினவுவர். தனியொரு மலரைப் பார்த்து மாலையின் அழகை மதிப்பிடலாமா? வீடுகள் ஒழுங்காக நிற்கும் வரிசையும், நடுவே விடப்பட்ட பசும்புல் வெளியும், தொடர்ந்து செல்லும் வேலியும் சேர்ந்ததே அவற்றின் அழகாகும். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியிருந்தோரில் பலர் தம் வீடுகளை விலைக்கு வாங்கினர். பின்னர்ச் சிலர் மரப் பலகணியை அகற்றினர். சிலர் செங்கல்லின்மீது போலிக் கல்லை ஒட்டினர். சிலர் கார் நிறுத்துவதற்காக வேலியை வெட்டினர். தம் வீட்டைத் தம் வசதிக்கு ஏற்ப மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. உள்ளே அடுப்பையும் அறையையும் மாற்றுவதால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால், வெளித்தோற்றம் தெருவினர் அனைவர்க்கும் பொதுச் சொத்தன்றோ? வீடு காட்சிச்சாலை ஆக வேண்டா. மக்கள் வாழும் மனையாகவே அது காக்கப்படுதல் வேண்டும்.

பர்மிங்காம் நகரில், முன்னர்க் கூறிய காற்றோட்டமற்ற பழைய வீடுகளின் முற்றம் ஒன்றைப் பாதுகாத்து, 2004 ஆம் ஆண்டு முதல் மக்கள் காணுமாறு திறந்து வைத்துள்ளனர். அது நல்ல செயலே. நோயின் அடையாளத்தைக் காப்பவர், அந்நோய்க்குக் கண்ட மருந்தின் அடையாளத்தையும் காக்க வேண்டாவோ? அரண்மனைகள் மட்டுமே எஞ்சி நின்றால், அரசரே உலகை ஆக்கினர் என்று வருங்கால மக்கள் எண்ணுவர். எளியோர் இல்லங்களும் உடன் நின்றால், எல்லோர்க்கும் வெயிலும் காற்றும் வேண்டும் என்று ஒரு தலைமுறை எண்ணியதையும் அவர்கள் அறிவர். ஆதலின் சிறிய வீடுகளையும் போற்றிக் காப்பது அறிவுடையோர் கடனாகும்.