வெள்ளை அடைப்பும் வாழைத்தண்டு நாரும்

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. அடுத்த பல்லை ஒட்டின பக்கத்தில். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போனோம். "வெள்ளையா வேணுமா, சில்வரா?" என்றார்கள். வெள்ளைதான் என்று கூடுதல் பணம் கொடுத்து அடைத்துக்கொண்டு வந்தோம். எது பல், எது அடைப்பு என்றே தெரியாது, அவ்வளவு அழகு. மறுநாள் வீட்டில் வாழைத்தண்டுக் கூட்டு. அன்றிலிருந்து அம்மா கையில் ஈர்க்குச்சி.

திரும்பப் போய்க் கேட்டதற்குப் "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். ஆகவில்லை. நான் படிப்பது பி.காம். ஆனாலும் காசு கொடுத்த பொருளில் குறை என்றால் காரணம் தெரியாமல் தூக்கம் வராது. கொஞ்சம் படித்தேன், பல் மருத்துவம் படிக்கும் ஒருவரையும் குடைந்தெடுத்தேன்.

விஷயம் இதுதான். பக்கத்துப் பல்லோடு ஒட்டும் சுவர் சொத்தையில் போய்விட்டால், மெல்லிய உலோகப் பட்டையை இடையில் விட்டு அதையே சுவராக வைத்து அடைக்கிறார்கள். பழைய பாதரசக் கலவையைப் புளியைப் பானையில் அடைக்கிற மாதிரி அழுத்தலாம். அது பட்டையை வெளியே தள்ளிப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துவிடும். வெள்ளைக் கலவையான காம்போசிட் இட்லி மாவு ஜாதி. இங்கே அழுத்தினால் அங்கே எழும்பும். போதாததற்கு, நீல விளக்கில் இறுகும்போது கன அளவில் சுமார் 2, 3 சதவீதம் சுருங்கும். பட்டையை உருவியதும் அதன் தடிமன் அளவுக்கு ஒரு சந்து வேறு. மில்லிமீட்டரில் நூறில் நாலைந்து பங்குதான். நாருக்கு அது போதும்.

அதற்குத்தான் ஆப்பு வைக்கிறார்கள். (நம்ம காலேஜ் ஆப்பு இல்லை, நிஜ மர ஆப்பு.) கூடவே சின்னப் பட்டையும், இரண்டு பல்லையும் விலக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் வளையமும். பல் எலும்போடு ஒட்டிப்போனதல்ல, நடுவில் மெல்லிய நார்த்திசு இருப்பதால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அடைத்து முடித்து வளையத்தை எடுத்தால் பற்கள் பழைய இடத்துக்கு வரும், சந்து மூடும். பல்லைச் சுற்றிக் கட்டும் பழைய பட்டையைவிட இந்த வளைய முறையில் பற்கள் இறுக்கமாக ஒட்டுகின்றன என்று 2006-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வும் சொல்கிறது.

ஆக, நாம் கூடுதல் பணம் கொடுப்பது நிறத்துக்கு. வேலை இருப்பதோ கண்ணுக்குத் தெரியாத அந்த ஒட்டும் புள்ளியில். அது சரியில்லை என்றால் தினமும் சோறும் நாரும் சிக்கி ஈறு வீங்கும், பக்கத்துப் பல்லும் சொத்தையாகலாம். ஒரு பல்லுக்குச் செலவு செய்யப் போய் இரண்டாவது பல்லுக்கும் கணக்குத் திறப்பது என்ன வியாபாரம்? பாதரசம் இருக்கிறது என்பதால் ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரி முதல் சில்வர் அடைப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. இனி எல்லாருக்கும் வெள்ளைதான் என்றால் இந்தக் கேள்வி எல்லாருக்கும்தான்.

அதனால் என் கட்சி இது: நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன் பல் இடுக்கு நூலை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'டக்' என்று தடங்கி இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் பணம் கட்டாதீர்கள், மறுபடி போடச் சொல்லுங்கள். டாக்டரை எதிர்த்துக் கேட்பதா என்று அம்மா மாதிரி கூச்சப்படுகிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம்.

அம்மாவுக்கு வேறொரு இடத்தில் பிரித்து மறுபடி அடைத்தோம், வளையம் போட்டு. முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது தடவையும் முழுப் பணம். நூல் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது, கையோடு வாங்கிப் போனாலும் தப்பில்லை.