மாடியினின்று நோயாளரை இறக்குதல்

மாடி கட்டுதல் செல்வத்தின் அடையாளம் என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றி நெடுங்காலமாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியைக் கடந்து தெற்கே செல்வோர், மீமிசலிலும் அதனையடுத்த ஊர்களிலும் கடல் கடந்து ஈட்டிய பொருள் மாடிவீடுகளாய் எழுந்து நிற்றலைக் காண்பர். அவ்வீடுகளின் முகப்பிற்குச் செலுத்திய கருத்தில் பத்திலொரு பங்கேனும் படிக்கட்டிற்குச் செலுத்தப்பட்டதோ என்பது ஐயமே. குறுகிய படிகள், நடுவே திடீரென வளையும் திருப்பம், சில வீடுகளிற் கைப்பிடியுமில்லை. காற்றோட்டங் கருதி முதியோரை மேலே குடியமர்த்துகின்றனர். இவ்வேற்பாட்டின் குறை, அம்முதியோர் ஒரு நள்ளிரவில் மூச்சுத்திணறி எழுந்து உட்காரும்போதுதான் வெளிப்படும்.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நம் மாகாணத்தில் 108 வண்டி ஓடுகின்றது. அழைத்தால் வாசலில் வந்து நிற்கும். அறந்தாங்கிக்கோ, 2017இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ நோயாளரைக் கொண்டு சேர்க்கும். வாசல் வரையில் உதவி வந்துவிட்டது. வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையேயுள்ள இருபது படிகளைப் பற்றி எவரும் நினைத்ததாகத் தோன்றவில்லை.

அப்படிகளில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. ஒருவர் தோளைப் பற்றுவர், ஒருவர் காலைப் பற்றுவர். அன்றேல் போர்வையில் இட்டுத் தூக்குவர். அதுவுமன்றேல் கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொணர்வர். அந்நாற்காலியின் கால்கள் பாரந் தாங்காது விரியும். கைகள் வியர்வையில் நழுவும். எட்டுப்பேர் எட்டு விதமாய்க் கட்டளையிடுவர். அன்பில் யாதொரு குறைவும் இல்லை. அவ்வன்பின் பதற்றமே நோயாளரை வீழ்த்திவிடுகின்றது.

இதற்கென்றே ஒரு நாற்காலி உண்டு. மடித்துச் சுவரில் மாட்டி வைக்கத்தக்கது. சமதரையிற் சக்கரங்களால் உருளும். படியை அடைந்தவுடன் அதனைச் சற்றே பின்னுக்குச் சாய்த்தால், பின்புறத்து வார்ப்பட்டைகள் படிகளின் விளிம்பில் பதிந்து வழுவி இறங்கும். அமர்ந்தவரது பாரமே உராய்வை மிகுவித்து வேகத்தை அடக்குதலின், பின்னிற்பவர் தூக்க வேண்டுவதில்லை, வழிப்படுத்தினாற் போதும். அமர்ந்தவர் முகம் இறங்குந் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். மார்பிலும் தொடையிலும் வார் பூட்டி, கைகளை மடிமேற் கோத்திருக்கச் சொல்லல் வேண்டும். அஞ்சியவர் கைப்பிடியைத் திடீரெனப் பற்றுவதாலேயே பல விபத்துக்கள் நேர்கின்றன. இரண்டாமவர் கீழ்ப்புறம் நின்று நோயாளரை நோக்கியபடியே படியறிந்து பின்னடி வைப்பார். கட்டளையிடுவோர் ஒருவரே, ஏனையோர் வாய் திறத்தலாகாது. நம்மவர்க்கு இதுவே எல்லாவற்றினும் கடினமாகலாம்!

மூச்சுத்திணறும் இருதய நோயாளர்க்குப் படுத்தலினும் உட்கார்தலே இதமாதலின் இந்நாற்காலி அவர்க்கு மிக ஏற்றது. முதுகெலும்பு முறிந்ததோ என ஐயுறப்படுவோர்க்கு இஃது ஆகாது. அவரைப் பலகையிற் கிடத்தியே இறக்கல் வேண்டும். நாடி நின்றவரை நாற்காலியிற் கட்டுதல் பெருந்தவறு. கிடந்த இடத்திலேயே மார்பை அழுத்தத் தொடங்குதல் வேண்டும்.

நான்கு இளைஞர் உள்ள வீட்டிற்கு நாற்காலி எற்றுக்கு என்பார் உளர். கொடைக்கானலுக்கு மோட்டார்ப் பாதை ஏற்படுமுன் வெள்ளைக்கார மிஷனெரிமாரைக் கூலியாட்கள் டோலியில் மலைமேற் சுமந்தனர். சபரிமலையில் அத்தொழிலைப் பிற்காலத்தாரும் கண்டிருக்கின்றனர். அவர் வல்லவராய் இருந்தது உடல்வலியால் மட்டுமன்று. அடியோடு அடி பொருந்த நடக்கும் பழக்கத்தாலுமாம். அண்டைவீட்டாரிடம் அப்பழக்கத்தை எதிர்பார்த்தல் நியாயமன்று.

மின்தூக்கி உளதே என்பார் கவனிக்க வேண்டியது வேறு. 2024 டிசம்பர் 12ஆம் நாளிரவு திண்டுக்கல்லில் எலும்பு முறிவுக்குச் சிகிச்சை செய்யும் ஒரு தனியார் மருத்துவமனையிற் றீப்பற்றியது. குழந்தை உட்பட ஆறுபேர் மாண்டனர். மின்தூக்கியினுள்ளே பலர் மயங்கிக் கிடக்கக் கண்டனர். தீயும் புயலும் முதலில் அழிப்பது மின்சாரத்தையே. 2018 நவம்பரில் கஜாப் புயல் வீசியபின் எம் மாவட்டத்தார் எத்தனை நாள் இருளில் இருந்தனர் என்பதை மறந்திருக்க மாட்டார். நியூயார்க் உலக வணிக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தபின் இத்தகைய நாற்காலிகளை வாங்கி வைத்தனர். 2001 செப்டம்பர் 11 அன்று நடக்கவியலாத ஊழியர் ஒருவரை அவருடன் பணிபுரிந்த பதின்மர் 69ஆம் மாடியினின்று அவற்றுள் ஒன்றிலேயே இறக்கி உயிர் காத்தனர். எட்டாண்டு பயன்படாது கிடந்த பொருளை வீண்செலவு என்று எவர் சொல்வார்?

ஆதலின் யாம் வேண்டுவது இது. மாடியுள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் மாணவர் விடுதியும் இதனை வைத்திருத்தல் வேண்டும். ஆபத்துக் காலத்தில் மாற்றுத்திறனாளிகட்குச் சமமான பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டுமென 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகின்றது. எம் கல்லூரியும் அதற்கு விலக்கன்று. வீடுதோறும் வாங்குதல் இயலாது. ஆயின் மீமிசல் போன்ற ஊரில் ஊருக்கொன்று பொதுவாய் வைக்கலாம். பள்ளிவாசலில் சந்தூக்கு உண்டு. கோவிலூரார்க்கும் சபையார்க்கும் அதற்கீடான பொதுப்பொருள் உண்டு. இறந்தோரைச் சுமக்க நன்கொடை திரட்டிய ஊரார், உயிரோடிருப்போரைச் சுமக்கவும் ஒன்று வாங்கலாகாதோ?

பழக்குதல் மாணவர் கடன். நாட்டு நலப்பணித் திட்டத்தாரும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் ஆண்டிற்கு இருமுறை நம் கல்லூரிப் படிகளிலேயே பயிலலாம். முதலில் மணல்மூட்டையை வைத்தும், பின்னர்த் தம்முள் ஒருவரை அமர்த்தியும். ஒவ்வொருவரும் ஒருமுறை அந்நாற்காலியில் அமர்ந்து இறங்கிப் பார்த்தல் நன்று. அடுத்த படி வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லவேண்டியது ஏன் என்பது அப்போது விளங்கும். விடுமுறையில் ஊர் செல்வோர் தம் வீட்டுப் படியின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்து, நாற்காலி திரும்புமோ என்று பார்த்து வைப்பாராக. திரும்பாதெனக் கண்டால், பாட்டியின் கட்டிலைப் பகலிலேயே கீழே இறக்கிவிடலாம்.