பாகற்காய்ச் சாறும் மருத்துவச் சான்றும்

பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் சிறுகுறிஞ்சானும் நீரிழிவைக் குணப்படுத்துவது ஆய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது, ஆகவே மாத்திரையைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்னும் கூற்று இன்று வீட்டுத் திண்ணை முதல் கைப்பேசிக் காணொளி வரை பரவியிருக்கிறது. உணவாக இவை நல்லவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மருந்து என்னும் பெயருக்கு உரிய சோதனையை இவை இன்னும் தாண்டவில்லை. அதைப் பொருட்படுத்தாமல் மாத்திரையை நிறுத்துவோர் தம் கண்ணையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கிறார்கள்.

சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகளில் மிகப் பல எலிகளிடம் நடந்தவை. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் வேதிப்பொருளைச் செலுத்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்து நோயுண்டாக்கப்பட்ட எலியின் நிலை வேறு. இன்சுலினுக்கு உடல் இணங்காமற்போவதால் ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் இரண்டாம் வகை நீரிழிவு வேறு. மனிதரிடம் பாகற்காயைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு அறிக்கைக்கு, குலுக்கல் முறையில் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் நான்கே கிடைத்தன; பங்கேற்றோர் 479 பேர், எந்த ஆய்வும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை, பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்பதே அதன் முடிவு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அதில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி சோதனை இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது. நான்கு வாரமே நடக்கும் ஆய்வால் அந்த அளவைக்கூட முழுமையாகத் தொட முடியாது. கண்ணும் சிறுநீரகமும் காக்கப்படுகின்றனவா என்று அறிய, 1998இல் முடிவுகளை வெளியிட்ட பிரிட்டனின் நீரிழிவு ஆய்வு நோயாளிகளைச் சுமார் பத்தாண்டு பின்தொடர வேண்டியிருந்தது.

வெந்தயத்தின் செய்தி இன்னும் நுட்பமானது. இரவில் ஊறவைத்த வெந்தயத்தைக் காலையில் விரலால் நசுக்கினால் ஒட்டும் கொழகொழப்பு, காலக்டோமேனன் என்னும் நார்ச்சத்து. அது குடலில் கூழாகத் திரண்டு, மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை நீரிழிவு உடையோரின் சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 விழுக்காடு குறைந்தது. ஆயினும் அங்கு நாள்தோறும் தரப்பட்டது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி 100 கிராம்; ஆய்வு நடந்ததோ பத்து நாள். ஒரு தேக்கரண்டி வெந்தயம் நான்கைந்து கிராமுக்கு மேல் வராது. நூறு கிராமுக்குக் கிடைத்த பலனை ஒரு கரண்டிக்கு ஏற்றிச் சொல்வது அளவையே மறைப்பதாகும்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் வாயிலிட்ட சர்க்கரை மணலைப்போல் சுவையற்றிருப்பது உண்மைதான். அவ்விலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணர்விகளைச் சற்று நேரம் மூடிவிடுவதே அதற்குக் காரணம். நாவில் மறைந்த இனிப்பு இரத்தத்திலும் மறைந்ததாகக் கொள்வது பிழை. பாகற்காயில் ‘தாவர இன்சுலின்’ இருப்பதாகச் சொல்வோரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இன்சுலினைப் போன்ற புரதத்தை விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும், அதனால்தான் இன்சுலின் ஊசியாகப் போடப்படுகிறது.

இயற்கையானது கெடுதல் செய்யாது என்பதும் நிலைக்காத வாதம். கசக்கும் சுரைக்காயின் சாற்றைக் குடித்தோர் இரத்த வாந்தியோடு மருத்துவமனைகளில் சேர்ந்ததை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. குக்கர்பிட்டசின் என்னும் நச்சே அக்கசப்பு.

நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினும் செடியிலிருந்துதானே வந்தது என்று கேட்பதுண்டு. கலேகா என்னும் ஐரோப்பியச் செடியின் கலேகின் என்ற பொருளிலிருந்து அதன் வழி தொடங்கியது உண்மை. ஆனால் கலேகின் நஞ்சாக இருந்ததால் கைவிடப்பட்டது. அதனோடு உறவுடைய மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளிடம் கண்ட பயனை வெளியிட்டபின், அமெரிக்க அனுமதியைப் பெற 1994 வரை காத்திருந்தது. பாகற்காய்க்கும் அதே தராசு வேண்டும். அதில் தேறினால் அதை மருந்தென ஏற்பதில் எவருக்கும் தடையிராது.

அதுவரை பாகற்காய் பொரியலாகவும் வெந்தயம் குழம்பிலும் தாராளமாக இருக்கட்டும். மாத்திரையின் அளவை மருத்துவர் மட்டுமே மாற்றட்டும். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.